தொடக்க வகுப்பில் இலவசச் செயலிகள்: குழந்தைகளைப் படைப்பாளிகளாக்கும் முழுமையான வழிகாட்டி

தொடக்க வகுப்புகளுக்கான இலவசச் செயலிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குழந்தையிடம் எதிர்பார்ப்பது ஒன்றைத்தான்: திரையில் தெரியும் நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் நட்சத்திரம் மின்னும், தவறினால் ஒரு மணியோசை கேட்கும். வாய்ப்பாட்டையும் எழுத்துகளையும் மனத்தில் பதிய வைக்க அத்தகைய பயிற்சி உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், குழந்தை தானே ஒரு குரல்பதிவையோ அசையும் படத்தையோ சிறு நிரலையோ உருவாக்கி, அது ஏன் அப்படி அமைந்தது என்று இன்னொருவருக்கு விளக்கும்போது நடக்கும் கற்றல் வேறு வகையானது. அந்தக் கற்றலுக்கு இலவசக் கருவிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது, உருவானவற்றை எப்படிப் பாதுகாப்பது என்பதை இந்த வழிகாட்டி படிப்படியாகச் சொல்கிறது. 5 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. இதில் உள்ள வேலைகளில் பெரும்பாலானவற்றை ஆசிரியரிடம் ஒரே ஒரு கைபேசியும் ஒரு கணினியும் இருந்தாலே செய்துவிடலாம்.

படி 1: செயலியைத் தேடுவதற்கு முன் வினைச்சொல்லை எழுதுங்கள்

பாடத்தின் தலைப்பை எழுதுவதோடு நிறுத்தாமல், அந்தப் பாடத்தில் குழந்தை என்ன செய்யப்போகிறது என்பதை ஒரே வினைச்சொல்லில் எழுதிக்கொள்ளுங்கள். வரிசைப்படுத்துதல், ஒப்பிடுதல், அளத்தல், முன்கூட்டியே கணித்தல், தன் சொற்களில் மீண்டும் சொல்லுதல் என்று அந்த வினைச்சொல் தெளிவாகிவிட்டால், கருவி தானாகவே அமைந்துவிடும். ஒரு மாற்றம் எந்த வரிசையில் நிகழ்கிறது என்பதைக் காட்ட அசைவூட்டப்படம் பொருந்தும். கதையை மீண்டும் சொல்லக் குரல்பதிவு போதும். ‘இப்படிச் செய்தால் என்ன ஆகும்?’ என்று கணித்துப் பார்க்கக் கட்டளைக் கட்டங்களைக் கொண்ட நிரலாக்கச் செயலி உதவும்.

இந்தக் கட்டத்தில் இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். இதே வேலையைத் தாளிலோ உண்மையான பொருளைக் கொண்டோ இதைவிட நன்றாகச் செய்ய முடியுமா? பூவின் பாகங்களை அறிய ஒரு பூவைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்ப்பதற்கு ஈடான செயலி எதுவும் இல்லை. அங்கே திரை தேவையில்லை. ஆனால் அவரை விதை பத்து நாட்களில் எப்படி வளர்கிறது என்பதை ஒரே பார்வையில் காண வேண்டுமென்றால் கேமரா இல்லாமல் முடியாது. மனிதக் கண்ணுக்கு எட்டாத வேகத்தையோ தொலைவையோ எட்ட வைக்கும் இடத்திலும், செய்ததை அழித்து மீண்டும் செய்து பார்க்க வாய்ப்புத் தரும் இடத்திலும் மட்டுமே கருவியைக் கொண்டுவாருங்கள்.

படி 2: ‘இலவசம்’ என்ற சொல்லைச் சலித்துப் பாருங்கள்

இலவசக் கருவிகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. முதல் வகை, திறமூல மென்பொருள்கள், அதாவது மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்கள். 2002 முதல் கிடைக்கும் டக்ஸ் பெயின்ட் என்ற ஓவிய மென்பொருள், சிறு குழந்தைகளுக்கான பல பயிற்சிகளை ஒன்றாகத் தரும் ஜிகாம்ப்ரி, ஒலிப்பதிவுக்கான ஆடாசிட்டி, வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியத்தின் கணினிப் பதிப்பு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, ஒருமுறை நிறுவிய பிறகு இணையமும் தேவையில்லை. இரண்டாம் வகை, பல்கலைக்கழகங்களும் இலாப நோக்கற்ற அமைப்புகளும் வெளியிடுபவை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேபில் உருவாகி 2007இல் வெளியான நிரலாக்கக் கருவி ஸ்கிராட்ச், சிறு குழந்தைகளுக்காக 2014இல் வந்த ஸ்கிராட்ச் ஜூனியர், கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 2002இல் தொடங்கப்பட்ட, அறிவியலையும் கணிதத்தையும் திரையில் இயக்கிப் பார்க்க உதவும் ஃபெட் செயல்விளக்கங்கள் ஆகியவை இதில் அடங்கும். மூன்றாம் வகை, வணிக நிறுவனங்கள் தரும் வரம்புக்குட்பட்ட இலவசப் பதிப்பு. எச்சரிக்கை தேவைப்படுவது இந்த மூன்றாம் வகையில்தான், ஏனெனில் இன்று இலவசமாக இருக்கும் வசதி நாளை கட்டணத்திற்கு மாறலாம், அல்லது சேவையே நின்றுவிடலாம்.

இது வெறும் அச்சம் அல்ல. உலாவியில் அசைவுப்படங்களையும் விளையாட்டுகளையும் இயக்கிய ஃபிளாஷ் தொழில்நுட்பத்திற்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தபோது, அதை நம்பி உருவாக்கப்பட்ட எண்ணற்ற கல்வி விளையாட்டுகள் உலாவிகளில் இயங்காமல் போயின. பல வகுப்புகளில் வெண்பலகையாகப் பயன்பட்ட கூகுளின் ஜாம்போர்டு 2024 இறுதியில் நிறுத்தப்பட்டது. ஆகவே, எந்தக் கருவியையும் ஏற்பதற்கு முன், குழந்தைகள் செய்த வேலையைச் சாதாரணப் படமாகவோ எம்பி3 ஒலியாகவோ எம்பி4 காணொளியாகவோ வெளியே எடுத்துச் சேமிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாதென்றால், அந்தக் கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

சலிப்பதற்கு எளிய வழி, கருவியை முதலில் இணையத்தோடும் பிறகு இணையத்தைத் துண்டித்தும் ஒரு குழந்தையைப் போல இருபது நிமிடம் பயன்படுத்திப் பார்ப்பது. விளம்பரம் தோன்றுகிறதா, வாங்கச் சொல்லும் பொத்தான் விரல் படும் இடத்தில் இருக்கிறதா, மின்னஞ்சல் முகவரி கேட்கிறதா, தவறுதலாக அழித்ததை மீட்க முடிகிறதா என்பதெல்லாம் அந்த இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும். பல சேவைகள் 13 வயதுக்குக் குறைந்தோர் கணக்குத் தொடங்குவதைத் தடுக்கின்றன. குழந்தைகளின் இணையத் தனியுரிமைக்காக அமெரிக்கா 1998இல் இயற்றிய சட்டம் இதற்கு முக்கியக் காரணம். பிறந்த ஆண்டை மாற்றிக் கொடுத்துக் கணக்குத் தொடங்கும் பழக்கத்தை ஆசிரியரே குழந்தைக்குக் கற்றுத் தரக் கூடாது. தொடக்க வகுப்பைப் பொறுத்தவரை, கணக்கே தேவைப்படாத கருவிக்குத்தான் முதலிடம் தர வேண்டும்.

படி 3: கருவி ஒன்று, குழந்தைகள் பலர்

நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பைக் கொடுங்கள்: ஒருவர் கருவியைக் கையாள்வார், ஒருவர் பொருட்களை நகர்த்துவார், ஒருவர் திட்டத்தாளைப் பார்த்து அடுத்து வருவதைச் சொல்வார், ஒருவர் சரிபார்த்துக் குறித்துக்கொள்வார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பொறுப்புகளை மாற்றுங்கள். இந்தச் சுழற்சியை நீங்கள் வலியுறுத்தாவிட்டால், வீட்டில் கைபேசி பழகிய குழந்தையிடமே கருவி நின்றுவிடும். மற்ற மூவரும் பார்வையாளர்களாகிவிடுவார்கள். ஒரு குழு கருவியோடு வேலை செய்யும்போது மற்றக் குழுக்களுக்குத் தாளில் செய்யும் உண்மையான வேலை இருக்க வேண்டும். காத்திருப்பதற்காகத் தரப்படும் வேலையைக் குழந்தைகள் உடனே கண்டுகொள்வார்கள்.

வகுப்பு முழுவதற்கும் உடனடியாக ஒரு கேள்வி கேட்டு விடை அறிய வேண்டுமென்றால், பிளிக்கர்ஸ் போன்ற முறை பொருத்தமானது. ஒவ்வொரு குழந்தையிடமும் தனித்த வடிவம் அச்சிடப்பட்ட ஓர் அட்டை இருக்கும். அட்டையின் நான்கு பக்கங்களும் நான்கு விடைகளுக்கானவை, ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய எழுத்து இருக்கும்; எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுவே விடை. ஆசிரியர் தன் கைபேசியின் கேமராவை வகுப்பின் மீது ஓட்டினால் எல்லா விடைகளும் பதிவாகிவிடும். குழந்தைகளுக்குக் கருவியே தேவையில்லை. விடையைக் குறிக்கும் எழுத்து மிகச் சிறியது என்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து மாற்றுவதும் எளிதல்ல. இதில் படைப்பு எதுவும் இல்லை, ஆனால் அடுத்து யாரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பதை ஆசிரியருக்குக் காட்டிக்கொடுக்கும்.

படி 4: முதல் பாதி தாளில்

ஒரு பாடவேளையில் கருவி கையில் இருக்கும் நேரம் பாதிக்கு மேல் போகக் கூடாது. முதல் பாதியில் குழந்தைகள் தாளை நான்காகவோ ஆறாகவோ மடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கும் என்பதைக் கோட்டுப்படமாக வரைந்து, கீழே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். எழுதப் பழகாதவர்கள் வாயால் சொன்னால் போதும். தாளைக் காட்டி, உங்கள் ஒப்புதல் பெற்ற பிறகே கருவி கைக்கு வரும் என்பதை மாறாத விதியாக்குங்கள். திட்டமில்லாமல் கருவியைத் தொட்ட குழு, எழுத்துரு நிறத்தையும் பின்னணியையும் மாற்றிக்கொண்டே நேரத்தைக் கழித்துவிடும்.

படி 5: ஒரு வேலையைத் தேர்ந்து ஆழமாகச் செய்யுங்கள்

ஓர் ஆண்டில் பத்துச் செயலிகளை அறிமுகப்படுத்துவதைவிட, இரண்டு அல்லது மூன்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது மேல். கருவி பழகிய பிறகுதான் குழந்தையின் கவனம் கருவியை விட்டுப் பாடத்திற்குத் திரும்பும். கீழே உள்ளவற்றில் ஏதேனும் ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

குரலைக் கண்ணால் பார்த்தல்: ஆடாசிட்டியில் பதிவு செய்யும்போது ஒலி அலைவடிவமாகத் திரையில் ஓடும். பேசாதபோது நேர்க்கோடு, பேசும்போது புடைப்பு. இதைத் தமிழ்ப் பாடத்திற்கே நேரடியாகப் பயன்படுத்தலாம். குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 மாத்திரை என்று இலக்கணம் சொல்வதைக் குழந்தைகள் மனப்பாடமாகவே அறிந்திருக்கிறார்கள். ‘பல்’, ‘பால்’ என்ற இரண்டையும் ஒரே குழந்தை ஒரே வேகத்தில் சொல்லிப் பதிவு செய்யட்டும். பிறகு உயிரொலி நீளும் பகுதியை மட்டும் சுட்டியால் தேர்ந்தெடுத்தால், அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைத் திரையின் கீழே வினாடியின் பின்னமாகக் காணலாம். ‘படம்’, ‘பாடம்’, ‘கல்’, ‘கால்’ என்று இணைகளைத் தொடருங்கள். நீளம் துல்லியமாக இரு மடங்காக வராது. வேகமாகச் சொன்னால் நெடிலும் சுருங்கும், இழுத்துச் சொன்னால் குறிலும் நீளும். ஏன் அப்படி என்று குழந்தைகளையே பேச விடுங்கள். அளவைக்கும் விதிக்கும் இடையிலுள்ள அந்த வேறுபாட்டைப் பற்றி எட்டு வயதுக் குழந்தை யோசிக்கத் தொடங்குவது, இலக்கண வகுப்பில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த தருணங்களில் ஒன்று.

அதே கருவியில் அடுத்த கட்டமாக ஒலி நாடகம் செய்யலாம். தாளைக் கசக்கினால் தீ எரியும் ஓசை, அரிசியைத் தட்டில் மெதுவாகக் கொட்டினால் மழை என்று ஓசைகளைத் தேடுவதே ஒரு தனிப் பாடமாகிவிடும். பதிவைத் தொடங்கியதும் முதல் ஐந்து வினாடி யாரும் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். பின்னர் அந்த அமைதிப் பகுதியைத் தேர்ந்தெடுத்து இரைச்சல் குறைப்பு வசதிக்கு மாதிரியாகக் கொடுத்தால், மின்விசிறியின் ஓசை போன்றவை பதிவு முழுவதிலும் பெருமளவு குறைந்துவிடும். வகுப்பில் எழுந்து பேசத் தயங்கும் குழந்தைகள், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மீண்டும் பேசலாம் என்ற உறுதி கிடைத்ததும் மனம் திறக்கிறார்கள். அவர்களுக்காகவேனும் இந்த வேலையை ஒருமுறை செய்து பாருங்கள்.

அசைவூட்டப்படம்: ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பு போன்ற செயலியில், பொருளைச் சிறிது நகர்த்தி ஒரு படம், மீண்டும் நகர்த்தி ஒரு படம் என்று எடுத்து, அவற்றைத் தொடர்ந்து ஓட்டினால் பொருள் தானாக நகர்வதாகத் தோன்றும். வினாடிக்கு 6 படங்கள் என்று வைத்துக்கொண்டால் 10 வினாடிக் காட்சிக்கு 60 படங்கள் தேவை. இந்தப் பெருக்கலைக் கரும்பலகையில் நீங்கள் போட வேண்டாம். ‘நம்மிடம் 15 நிமிடம்தான் இருக்கிறது, ஒரு படத்திற்கு 15 வினாடி ஆகிறது, எவ்வளவு நீளக் கதை எடுக்கலாம்?’ என்று குழுக்களிடம் கேளுங்கள். 60 படங்களுக்கு மேல் நேரம் இல்லை என்பதை அவர்களே கண்டுபிடித்துக் கதையைச் சுருக்குவார்கள்.

விதை முளைப்பதைப் பதிவு செய்வது இதன் இன்னொரு வடிவம். கண்ணாடிக் குவளையின் உட்புறத்தில் ஈரத்தாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே அவரை விதையை வையுங்கள். குவளை நிற்கும் இடத்தையும் கைபேசி நிற்கும் இடத்தையும் மேசையில் ஒட்டுநாடாவால் குறித்துவிடுங்கள். மறுநாள் இரண்டும் ஒரு விரல் அகலம் விலகினாலும் படம் துள்ளும். குவளைக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலும் நாள் எண் எழுதிய அட்டையும் நிற்கட்டும். தினமும் ஒரே நேரத்தில் ஒரு படம். பன்னிரண்டு படங்களை வினாடிக்கு 2 வீதம் ஓட்டினால் ஆறு வினாடிக் காணொளி கிடைக்கும்; வேர் முதலில் இறங்குவதும் தண்டு அதன் பிறகே எழுவதும் அதில் ஐயமின்றித் தெரியும். அளவுகோல் படத்திலேயே இருப்பதால் குழந்தைகள் ஒவ்வொரு நாளின் வளர்ச்சியையும் அளந்து வரைபடமாக்கலாம். சன்னலோரத்தைத் தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் வெளிச்சம் மாற மாறப் படங்கள் மினுங்கும்.

கட்டளைகளால் கதை: 5 முதல் 7 வயதினருக்காக உருவாக்கப்பட்ட ஸ்கிராட்ச் ஜூனியரில் கட்டளைகள் படங்களாகவே இருப்பதால், படிக்கத் தெரியாத குழந்தையும் நிரல் எழுதலாம். ஒரு திட்டத்தில் அதிகபட்சம் 4 பக்கங்கள் மட்டுமே உண்டு. இந்த வரம்பு ஒரு வரம். தொடக்கம், சிக்கல், திருப்பம், முடிவு என்று கதையின் வடிவத்தை அதுவே கற்றுத் தந்துவிடுகிறது. மேடையில் கட்டக்கோடுகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினால் குறுக்கே 20, நெடுக்கே 15 கட்டங்கள் தெரியும். பூனை மரத்தை அடைய எத்தனை கட்டம் நகர வேண்டும் என்று எண்ணி, எழுதி, பிறகு இயக்கிப் பார்க்கச் சொன்னால் அது கணிதப் பாடமாகிறது.

இரண்டு பாத்திரங்களைப் பேச வைக்கும்போது ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சிக்கல் வரும்: நிரலைத் தொடங்கும் பச்சைக் கொடியைத் தொட்டவுடன் இரண்டும் ஒரே நேரத்தில் பேசிவிடும். உடனே திருத்திக் கொடுத்துவிடாதீர்கள். ‘யார் முதலில் பேச வேண்டும்? மற்றவர் அதுவரை என்ன செய்வார்?’ என்று மட்டும் கேளுங்கள். ஒரு குழந்தை காத்திருக்கச் சொல்லும் கடிகாரக் கட்டளையைக் கண்டுபிடிக்கும். அதில் எண் 10 என்பது 1 வினாடியைக் குறிக்கும். இன்னொரு குழந்தை, ஒருவர் பேசி முடித்ததும் மற்றவருக்குச் செய்தி அனுப்பும் உறைக் கட்டளையைக் கண்டுபிடிக்கும். முதல் வழியில் பேச்சின் நீளத்தை மாற்றினால் எண்ணையும் மாற்ற வேண்டியிருக்கும், இரண்டாம் வழியில் அந்தத் தேவை இல்லை. இந்த வேறுபாட்டைக் குழந்தைகள் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளட்டும். எட்டு வயதுக்கு மேல் ஸ்கிராட்சுக்கு மாறலாம். அதை இணையமில்லாமல் இயங்கும் பதிப்பாகவும் நிறுவிக்கொள்ள முடியும்.

வானமும் பின்னமும்: நிலவின் வடிவ மாற்றத்திற்கு ஸ்டெல்லேரியத்தின் கணினிப் பதிப்பைப் பயன்படுத்துங்கள். நிலவைத் தேர்ந்தெடுத்துத் திரையின் நடுவில் நிறுத்தி, விசைப்பலகையில் சமக்குறி (=) விசையை அழுத்தினால் ஒவ்வொரு அழுத்தத்திற்கும் ஒரு நாள் முன்னேறும். தரை மறைத்தால் ஜி (G) விசை தரையை நீக்கிவிடும். வளர்பிறையும் தேய்பிறையும் சுமார் 29.5 நாளில் ஒரு சுற்று முடிவதைக் குழந்தைகள் எண்ணியே அறியலாம். ஆனால் அதற்கு முன், அவர்கள் சில மாலைகளில் உண்மையான நிலவைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும். இல்லையெனில் இது மற்றுமொரு காணொளியாக முடிந்துவிடும். பின்னங்களுக்கு ஃபெட் செயல்விளக்கங்களைத் தரவிறக்கி இணையமின்றி இயக்கலாம். அங்கும் குழந்தையின் வேலை இறுதி விடையைச் சொல்வதோடு முடியக் கூடாது. முக்காலைக் காட்ட எத்தனை வெவ்வேறு படங்களை உருவாக்க முடியும் என்று கேளுங்கள்.

படி 6: அழகுக்கு மதிப்பெண் தராதீர்கள்

திரையில் மின்னும் எழுத்துகளும் இசையும் ஆசிரியரையும் ஏமாற்றிவிடும். மதிப்பிடும்போது உள்ளடக்கம் சரியா, திட்டத்தாளிலிருந்து எதை ஏன் மாற்றினார்கள், கேட்டால் விளக்க முடிகிறதா என்ற மூன்றை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு குழுவும் தன் படைப்பைக் காட்டிய பிறகு, பார்த்த குழு ஒரு கேள்வியும் ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். அதன் பிறகு திருத்துவதற்கு உண்மையாகவே நேரம் ஒதுக்க வேண்டும். டிஜிட்டல் படைப்பின் பெரிய நன்மையே அழிக்காமல் திருத்த முடிவதுதான். முதல் வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் தனித்தனியாகச் சேமித்து அடுத்தடுத்துக் காட்டினால், எது மேம்பட்டது என்பதைக் குழந்தைகளே சொல்வார்கள்.

படி 7: குழந்தைகளின் முகமும் குரலும் பாதுகாப்பும்

முகம் தெரியாமலேயே நல்ல காணொளி எடுக்க முடியும்: கைகள், பொம்மைகள், நிழல்கள், வரைந்த படங்கள் போதும். குரலும் ஒரு குழந்தையின் அடையாளமே என்பதால், பதிவுகளை வகுப்புக்கு வெளியே பகிர்வதற்கு முன் பெற்றோரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள். ஒப்புதல் தராத வீட்டுக் குழந்தை ஒதுக்கப்பட்டதாக உணராதபடி வேலையை அமையுங்கள். கைபேசி கேமரா அமைப்பில் படத்தோடு இருப்பிடத்தைச் சேமிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். கோப்புகளுக்குக் குழந்தையின் பெயரை வைக்காமல் குழு எண்ணும் தேதியும் இடுங்கள். இணையத்திலிருந்து படமோ இசையோ எடுக்க நேர்ந்தால், விக்கிமீடியா காமன்ஸ் போன்ற, மற்றவர்கள் பயன்படுத்த அனுமதிக்கும் திறந்த உரிமத் தொகுப்புகளிலிருந்து எடுத்து, உருவாக்கியவரின் பெயரைப் படைப்பின் இறுதியில் எழுதப் பழக்குங்கள். ஏழு வயதில் இது பழகிவிட்டால் பின்னர் தனியாகப் போதிக்க வேண்டியிருக்காது.

பருவ இறுதியில் எல்லாவற்றையும் படம், ஒலி, காணொளி ஆகிய பொதுவான வடிவங்களுக்கு மாற்றி இரண்டு இடங்களில் சேமியுங்கள்: ஒன்று பள்ளிக் கணினி, மற்றொன்று பூட்டி வைக்கக்கூடிய பென் டிரைவ். உங்கள் சொந்தக் கைபேசியில் இருக்கும் குழந்தைகளின் பதிவுகளை அதன் பிறகு நீக்கிவிடுங்கள். புகைப்படங்கள் தானாக மேகக்கணிக்கு (இணையச் சேமிப்பகத்திற்கு) ஏறும்படி அமைத்திருந்தால் அங்கும் சென்று நீக்க வேண்டும். திட்டத்தாள்களைத் தூக்கி எறியாமல் படைப்புகளோடு சேர்த்து வையுங்கள், ஏனெனில் அடுத்த ஆண்டு இதே வேலையைத் தொடங்கும் வகுப்புக்கு, முடிந்த காணொளியைவிட அந்தத் தாள்களில் இருக்கும் அடித்தல் திருத்தல்களே அதிகம் பயன்படும்.